லைன்ல இருங்க

வேலாங்காட்டுப்புதூரில், ஆடி மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, குப்பண்ணன் என்கிற அறுபத்திரண்டு வயது விவசாயி அரிசி ஆலைக்குப் போன் செய்து தன்னுடைய நெல் அரைத்து முடிந்ததா என்று கேட்டார். ஆலையின் மேனேஜர், பார்த்துச் சொல்கிறேன், லைன்ல இருங்க என்றார். பார்த்துவிட்டு அவர் திரும்பி வருவதற்குள் குப்பண்ணன் லைனில் இருந்தார். பஸ் நிறுத்தத்துக் கம்பத்துக்கும் ஆலை வாசல் கம்பத்துக்கும் நடுவில், தரையிலிருந்து பதினெட்டு அடி உயரத்தில், கரண்ட் கம்பியின் மேல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காதில் போனும் ஒற்றைக் காலில் மட்டும் செருப்புமாக, காக்கை உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தார்.

டீக்கடையில் நின்றவர்கள் டம்ளரோடு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்கள்.

"குப்பண்ணா, அங்க எதுக்குங்க போனீங்க?"

"நான் எங்கயும் போகல. இருக்கச் சொன்னாங்க, இருக்கறேன்," என்றார் அவர். பிறகு போனில், "அரைச்சாச்சுங்களா?" என்று கேட்டார்.

அதுவரை யாரும் பயப்படவில்லை. பயந்தது பத்து நிமிடம் கழித்துத்தான். லைன்மேன் இருதயராஜ் மொபெட்டில் வந்து சேர்ந்து, ஏணியைச் சாய்த்து வைத்து, பக்கத்து டிரான்ஸ்பார்மருக்குப் போய்க் கரண்டை நிறுத்தினார். டீக்கடையின் மின்விசிறி ஓய்ந்த அதே நொடியில் கம்பியின் மேல் ஆள் இல்லை. காக்கை எழுந்து போன கம்பி ஆடுமே, அந்த அளவுக்குக் கம்பி இரண்டு முறை ஆடி நின்றது. செருப்பு மட்டும் கீழே விழுந்தது. ஆலை மேனேஜரின் போனில் லைன் கட்டாகிவிட்டிருந்தது.

சனிக்கிழமை, போட்டோ ஸ்டுடியோவுக்குப் பேசிய பால்வாடி டீச்சர் சுலோச்சனா, ஸ்டுடியோக்காரர் லைன்ல இருங்க டீச்சர் என்று சொல்லிவிட்டு ஆல்பத்தைத் தேடப் போன நேரத்தில், ஸ்டுடியோ ஜன்னலுக்கு நேர் எதிரே கம்பியில் வந்து உட்கார்ந்தார். ஸ்டுடியோக்காரர் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்த அதிர்ச்சியில் போனைக் கீழே போட்டார். போன் விழுந்து அணைந்ததும் டீச்சரும் இல்லாமல் போனார். அந்த முறை யாரும் கரண்டைத் தொடவில்லை. ஆகவே ஊருக்கு ஒன்று தெரிந்தது. கம்பியில் ஓடுவதும் போனில் ஓடுவதும் அந்தச் சொல்லுக்கு ஒன்றுதான், எது அறுந்தாலும் ஆள் போய்விடுவார்.

ஞாயிற்றுக்கிழமை தீபன் என்கிற இருபத்தாறு வயது இளைஞன், கல்யாண மண்டபத்தில் இருந்த தங்கையோடு பேசிக்கொண்டிருந்தபோது, அவள் அதே சொல்லைச் சொல்லிவிட, கம்பிக்கு மேலே போனான். தங்கை புத்திசாலி, போனை வைக்கவில்லை. ஒரு சொல் ஏற்றிவிட்டதை அதே சொல்தான் இறக்க வேண்டும் என்று யோசித்து, மண்டபத்தில் பந்திக்கு ஆட்கள் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து, "அண்ணா, பந்தி லைனுக்கு வந்துரு" என்றாள். அந்தச் சொல் தனக்கு முன்னால் நிற்கிற சொல்லைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மண்டபம் ஊரின் மறு கோடியில் இருந்தது, தண்டவாளம் பக்கத்தில் இருந்தது. தீபன் தண்டவாளத்தின் மேல் இறங்கினான். பதினொன்று நாற்பது பாசஞ்சருக்கு கேட்கீப்பர் சிவப்புக் கொடியை ஆட்டிக்கொண்டே ஓடினார், வண்டி தீபனைத் தாண்டித்தான் நின்றது. வண்டி அன்று நாற்பது நிமிடம் தாமதமாகக் கிளம்பியது.

அன்று மாலைக்குள் புதூரில் அந்தச் சொல் நின்றுபோனது. பஸ் நிறுத்தத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் உலகநாதன் ஒரு கரும்பலகையைக் கொண்டுவந்து மாட்டி, கடைக்கு முன்னால் நிற்பது வரிசை, கரண்ட் போவது கம்பி, ரயில் போவது தண்டவாளம், தண்ணீர் போவது குழாய், நோட்டில் போடுவது கோடு, போனில் இருப்பது இணைப்பு என்று எழுதிவைத்தார். பெண்களைப் பார்த்து வாலிபர்கள் விடுவதற்கு மட்டும் ஆசிரியருக்குச் சொல் அகப்படவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தார். மறுநாள் காலையில் அங்கே யாரோ கரித்துண்டால் ஜொள்ளு என்று எழுதியிருந்தார்கள், ஆசிரியர் அதை அழிக்கவில்லை. லைன் வீடுகள் வரிசை வீடுகள் ஆயின. இருதயராஜைக் கம்பிக்காரர் என்று கூப்பிட்டார்கள்.

"ஜெயிலுக்குப் போனவனைக் கூப்பிடற மாதிரி இருக்குதுங்க," என்று அவர் வருத்தப்பட்டார்.

"எத்தனை தமிழ்ச் சொல் இருந்துச்சு பாத்தீங்களா," என்றார் ஆசிரியர். "அத்தனையும் எடுத்துப் பரண்ல போட்டுட்டு ஒத்தச் சொல்லு மேல ஊரே ஏறி உக்காந்தோம்."

"நீங்க ஏறலீங்களே ஐயா. ஏறினவங்க ஊட்டுல போய்ச் சொல்லுங்க," என்றாள் டீக்கடைக்காரம்மா. ஆசிரியர் அதற்குப் பிறகு அதைச் சொல்லவில்லை.

ஆனால் வாய் என்பது கரும்பலகை அல்ல. திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, ரேஷன் கடைத் தெருவில் இருக்கிற பதின்மூன்று வரிசை வீடுகளில் ஐந்தாவது வீட்டில், பனியன் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்த சாந்தாமணிக்கு அவள் கணவன் பிளம்பர் ஆறுச்சாமி போன் செய்தான். வேலை நடக்கிற வீட்டுக்குப் பைப் அளவு எழுதின சீட்டு அலமாரியில் இருக்கிறது, பார்த்துச் சொல் என்றான். சாந்தாமணி தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, பதினாறு வருஷமாகச் சொல்லி வந்ததைப் போலவே, "பாக்கறனுங்க, லைன்ல இருங்க" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. தெருவில் யாரோ கத்தினார்கள். சீட்டைக் கையில் பிடித்தபடி அவள் வாசலுக்கு வந்தபோது, ரேஷன் கடைக்கு நேர் மேலே, கம்பியில், முழங்கால் வரை சுருட்டிவிட்ட பேண்ட்டோடு அவன் உட்கார்ந்திருந்தான். இடது கை கம்பியைப் பிடித்திருந்தது. வலது கையில் போன். இரண்டு அடி தள்ளி இரண்டாவது கம்பி ஆடிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"ஏ புள்ள," என்றான் போனில். குரல் மேலேயிருந்தும் காதிலிருந்தும் வந்தது. "என்ன சொன்ன நீ?"

"தெரியாம வாயில வந்துருச்சுங்க."

"உன்ற வாயில... சரி. கட் பண்ணிராத."

"பண்ணமாட்டனுங்க."

"பக்கத்துக் கம்பி ஆடுது."

"அதப் பாக்காதீங்க. என்னப் பாருங்க."

இருதயராஜ் வந்தார், ஏணியை எடுக்கவில்லை, கரண்டைத் தொடவில்லை. கீழே நின்று மெதுவாகச் சொன்னார். காக்கைக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை என்றால் அது ஒரே கம்பியைத்தான் தொடுகிறது. நீங்களும் அந்த ஒரு கம்பியைத் தவிர எதையும் தொடாதீர்கள், யாரையும் தொட விடாதீர்கள், அந்த இன்னொரு கம்பி கிட்டே வந்தால் காலை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். ஆறுச்சாமி தலையை ஆட்டினான். கம்பியும் ஆடியது.

அந்தத் திங்கட்கிழமை முதல் புதூர் ஆறுச்சாமியை வைத்துக்கொண்டு வாழப் பழகியது. சாந்தாமணியின் போன் சார்ஜரில் செருகப்பட்டது, சார்ஜர் கழன்றுவிடாதபடி பிளக்கின் மேல் டேப் ஒட்டப்பட்டது, போன் அவள் உள்ளங்கையோடு பழைய சேலைக் கிழிசலால் கட்டப்பட்டது, கை தவறிச் சிவப்புப் பொத்தானைத் தொட்டுவிடக் கூடாது என்று அந்தக் கையின் விரல்களை அவள் மடக்கவே இல்லை. ஆறுச்சாமியின் போனுக்குச் சார்ஜ் குறையவில்லை, அவன் உட்கார்ந்திருந்தது கரண்டின் மேலேயே. அரிசி ஆலை நின்றது, கிணற்று மோட்டார்களை யாரும் போடவில்லை, கனமாக எதையாவது ஓட்டி ஃபியூஸ் போய்விட்டால் என்ன செய்வது என்று கிரைண்டரைக்கூட மூடி வைத்துவிட்டு ஊரே உப்புமா சாப்பிட்டது. இருதயராஜ் காய்ந்த மூங்கிலின் நுனியில் நைலான் பையைக் கட்டி உப்புமாப் பொட்டலத்தை மேலே நீட்டினார். உப்புமாவைத் தின்ற ஆறுச்சாமி தண்ணீர் மட்டும் வேண்டாம் என்றான். காரணம் எல்லோருக்கும் புரிந்தது, யாரும் வற்புறுத்தவில்லை.

அவன் தூங்கிவிடக் கூடாது. அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டு, பதின்மூன்று வீட்டுப் பெண்களும் முறை வைத்துக்கொண்டு பேசினார்கள். ஆறாவது வீட்டுச் சரசக்கா சாந்தாமணியின் கைக்குப் பக்கத்தில் குனிந்து கத்துவாள்.

"ஆறுச்சாமி! எங்க ஊட்டுக் குழாய் ஒழுகுதுன்னு ஆறு மாசமாச் சொல்றேன். ஒரு நாளாச்சும் வந்தியா? இப்ப எங்க ஓடுவே?"

"எறங்கினதும் மொதல் வேல அதுதானுங்க்கா."

"இதையேதான் தைப்பூசத்தப்பவும் சொன்னே. அப்பக் கீழ நின்னு சொன்னே, இப்ப மேல உக்காந்து சொல்றே."

கீழே நின்றவர்கள் சிரித்தார்கள், ஆறுச்சாமியும் சிரித்தான், சிரிப்பில் கம்பி ஆடியது, எல்லோரும் உடனே நிறுத்திக்கொண்டார்கள். இப்படித்தான் அந்த மூன்று நாளும் போயின. யாராவது சிரித்தால் அடுத்த நொடியே மேலே பார்த்தார்கள். போலீஸ் வந்து அண்ணாந்து பார்த்து, காணாமல் போனவர்களின் பட்டியலில் இவரைச் சேர்க்க முடியாது, இவர் தெரிகிறார் என்று சொல்லிவிட்டுப் போனது.

செவ்வாய்க்கிழமை பேப்பரில் வழக்கமான கட்டத்துக்குள் வழக்கமான அறிவிப்பு வந்திருந்தது. மாதாந்திரப் பராமரிப்புக்காக வியாழக்கிழமை காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை கீழ்க்கண்ட ஊர்களில் மின்சாரம் இருக்காது. பதினேழு ஊர்களின் பெயர்கள். புதூர் ஒன்பதாவது.

சாந்தாமணி பேப்பரை இடது கையால் பிடித்துக்கொண்டு இருதயராஜிடம் போனாள். வலது கையை மார்போடு சேர்த்து வைத்திருந்தாள். சார்ஜர் வயரோடு எக்ஸ்டென்ஷன் பெட்டியைச் சரசக்கா பின்னாலேயே தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இத நிறுத்தச் சொல்லுங்கண்ணா. மேல ஆபீஸ்ல சொல்லுங்க."

"சொல்லலாம்மா. என்னன்னு சொல்றது? கம்பியில ஆள் உக்காந்திருக்குன்னுதான சொல்லணும்?"

"ஆமாங்."

"கம்பியில ஆள் இருந்தா மொதல்ல கரண்டை நிறுத்தணும். அதுதாம்மா ரூலு. நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள, அங்கயிருந்தே நிறுத்திருவாங்க. அதனாலதான் ரெண்டு நாளா வாயத் தொறக்காம இருக்கேன்." இருதயராஜின் கண்கள் சிவந்திருந்தன. "வியாழக்கிழமை நிறுத்தறது இங்க இல்லம்மா. முப்பது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். என் கையில இல்ல."

அவள் உள்ளங்கையிலிருந்து ஆறுச்சாமி கேட்டான்: "என்னவாமா?"

"ஒண்ணுமில்லீங்க. பேப்பர் பாக்கறோம்."

புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு ரேஷன் கடை வாசலில் ஊர் கூடியது. அந்தச் சொல்லை யாரும் உச்சரிக்காமலேயே அந்தச் சொல்லைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். உலகநாதன் ஆசிரியர் தான் கவனித்ததைச் சொன்னார்: அது ஒரு அர்த்தத்தை விட்டால் அடுத்த அர்த்தத்துக்குத்தான் போகிறது, கம்பியிலிருந்து கம்பிக்குப் போவதில்லை. இருதயராஜ் தன் தொழிலில் கண்டதைச் சொன்னார்: கரண்ட் எப்போதும் கிட்டத்தில் இருக்கிற வழியைத் தேடும், இதுவும் அப்படித்தான் தேடுகிறது போலிருக்கிறது. ஆகவே அவனுக்குக் கிட்டத்தில் என்னென்ன இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தார்கள். தண்டவாளம் இருநூற்று நாற்பது மீட்டரில் இருந்தது. வரிசை வீடுகள் முப்பது அடியில் இருந்தன, அவற்றில் எந்தச் சுவருக்குள் போய் நிற்பான் என்று யாருக்குத் தெரியும். அதைவிடக் கிட்டத்தில் இருந்ததை ஆறுச்சாமியே மேலேயிருந்து சொன்னான்.

"தெருவுக்குக் கீழ மூணு அடி ஆழத்துல குடிதண்ணிப் பைப் போகுது. நாலு இஞ்ச். நாந்தான் போட்டேன்."

நாலு அங்குலக் குழாயை எல்லோரும் மனதில் நினைத்துப் பார்த்தார்கள். ஒரு பெண் அழ ஆரம்பித்தாள், அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அப்போது சாந்தாமணி பேசினாள். அவள் அந்த ஊரில் கூட்டத்தில் பேசினது அதுதான் முதல் தடவை.

"தண்டவாளம் போயிட்டே இருக்குது. கம்பியும் போயிட்டே இருக்குது. பைப்பும் அப்படித்தான். அதுல எதுல போனாலும் அறுத்தாத்தான் வெளிய வர முடியும், அறுத்தா ஆளு போயிருவாங்க. ரேஷன் கடைக்கு முன்னால நிக்கறம் பாருங்க, அது ஒண்ணுதான் முடியறது. நம்ம முறை வந்தா, வாங்கிட்டு நாமளா வெளிய வரலாம். யாரும் அறுக்க வேண்டியதில்ல." அவள் கொஞ்சம் யோசித்தாள். "பதினாறு வருஷமா நின்னிருக்கறன். எனக்குத் தெரியும்."

ஆகவே வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஊர் வரிசையில் நின்றது. சும்மா நின்றால் அந்தச் சொல் ஏமாறாது என்று பட்டதால் ஒவ்வொருவரும் தங்கள் ரேஷன் கார்டையும் பையையும் கொண்டுவந்தார்கள். ஜவுளிக்கடை முதலாளி தன் வாழ்நாளில் முதல் தடவையாகக் கார்டைக் கையில் பிடித்திருந்தார், குப்பண்ணனின் மகன் நின்றான், சுலோச்சனா டீச்சரின் புருஷன் நின்றார், தீபனின் தங்கை நின்றாள், இவன் இறங்கினால் தங்களுக்கு என்ன கிடைக்கும் என்று அவர்கள் யாரும் கேட்கவில்லை. வரிசை கடை வாசலில் தொடங்கி, ஆறுச்சாமிக்கு நேர் கீழே போய், பஸ் நிறுத்தத்தைத் தாண்டி, ஆலைச் சுவரைச் சுற்றித் திரும்பியது. இருதயராஜ் மூங்கிலால் உயரத்தை அளந்து, நிற்கிறவர்களின் தலை குழாயைவிடவும் சுவரைவிடவும் அவனுக்குக் கிட்டத்தில் இருக்கிறது என்று இரண்டு முறை சரிபார்த்தார். முன்னாலிருந்து பத்தாவது இடம் காலியாக விடப்பட்டது. ஒன்பதாவதாக ஆசிரியர், பதினொன்றாவதாகச் சரசக்கா.

நடுவில் யாரோ தன் பையை வைத்துவிட்டுப் போய்த் திரும்பி வந்து இடம் கேட்டதில் சண்டை மூண்டது. ஆசிரியர் பதறினார்.

"உடுங்க ஐயா, நல்லா அடிச்சுக்கட்டும்," என்றாள் சரசக்கா. "சண்டை இல்லாம நின்னா அது நம்ம ரேஷன் கடைன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

ஒன்பது இருபதுக்குச் சாந்தாமணி தன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். வரிசையில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பேச்சை நிறுத்தினார்கள், சண்டையும் நின்றது, காற்றில் கம்பி விம்முகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் உள்ளங்கையை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள், எடுத்தாள், மறுபடியும் கொண்டுபோனாள். இந்தச் சொல்லால் ஒரு தடவை அவனை அனுப்பியவள் அவள், இரண்டாம் தடவை எங்கே அனுப்பப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. நாலு அங்குலக் குழாய் அவள் காலுக்குக் கீழேதான் போய்க்கொண்டிருந்தது.

"சொல்லிரு புள்ள," என்றான் ஆறுச்சாமி. "மணியாச்சு."

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"நீங்க எல்லாம் ரகசியம் பேசறது மேலதான் வருது. சொல்லு."

"ஏனுங்க," என்றாள் சாந்தாமணி. "லைன்ல வாங்க."

மேலே கம்பி இரண்டு முறை ஆடியது. அதில் ஆள் இல்லை. தெரு முழுக்க ஒரே மூச்சாக உள்ளே இழுத்த காற்று வெளியே வரவில்லை. பலர் தரையைப் பார்த்தார்கள், சிலர் சுவர்களைப் பார்த்தார்கள், தூரத்தில் தண்டவாளத்தின் பக்கம் திரும்பிய இருதயராஜ் கண்களை மூடிக்கொண்டார்.

"அட, காலை மிதிக்காத ஆறுச்சாமி," என்றாள் சரசக்கா.

அவன் ஆசிரியருக்கும் அவளுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தான். மூன்று நாள் மடங்கியிருந்த கால் நிற்க மறுத்தது, சரசக்கா பின்னாலிருந்து அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அவனுக்காக வைத்திருந்த கார்டையும் பையையும் அவன் கையில் திணித்தாள். யாரும் கத்தவில்லை, கை தட்டவில்லை, வரிசை கலைந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சாந்தாமணி அவனை நோக்கி ஓடவில்லை. தெருவின் மறுபக்கத்தில் நின்றபடி, அவன் நகர நகர அவளும் ஒவ்வோர் அடியாக நகர்ந்தாள்.

கடைக்காரர் நாகமாணிக்கம் சர்க்கரை நிறுத்தார். ஒரு கார்டு, ஒரு விரல், இரண்டு கிலோ. ஒரு கார்டு, ஒரு விரல், இரண்டு கிலோ. ஆசிரியர் வாங்கிக்கொண்டு விலகியபோது மணி ஒன்பது நாற்பத்தாறு. ஆறுச்சாமி ரேகை மெஷினில் விரலை வைத்தான். மெஷின் சுற்றியது, சுற்றியது, சிவப்பு விளக்கைக் காட்டியது. இன்னொரு தடவை வைத்தான். இன்னொரு தடவை சிவப்பு. நாகமாணிக்கம் பன்னிரண்டு வருஷமாக, மாதம் நூறு தடவையாவது, இந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் தலையைத் தூக்கி வரிசையைப் பார்த்துச் சொல்வது ஒன்றுதான்: லைன் இல்லைங்க. அவர் தலையைத் தூக்கினார். வாய் திறந்தது.

"லை..."

வரிசை முழுவதும் அவரைப் பார்த்தது. சரசக்கா ஆறுச்சாமியின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்தாள். நாகமாணிக்கத்தின் நெற்றியில் வேர்வை பொடித்து, மூக்கின் நுனிக்கு வந்து, மெஷினின் மேல் சொட்டியது.

"லை... லைட்டா," என்றார். "லைட்டாத் தொடச்சுட்டு வைங்க."

ஆறுச்சாமி விரலைப் பேண்ட்டில் துடைத்துவிட்டு வைத்தான். பச்சை. இரண்டு கிலோ சர்க்கரை அவன் பைக்குள் விழுந்தது. பையைத் தூக்கிக்கொண்டு, இடது பக்கமாக ஓர் அடி எடுத்து வைத்து, அவன் வரிசையிலிருந்து வெளியே வந்தான். வெளியே வந்தும் இருந்தான்.

பத்து மணிக்குக் கரண்ட் போனது. கடையின் மின்விசிறி ஓய்ந்தது. அவன் அப்போதும் இருந்தான். அதற்குப் பிறகுதான் ஊர் சத்தம் போட்டது, இருதயராஜ் மொபெட்டின் மேல் தலையை வைத்து அழுதார், வரிசை கடைசியிலிருந்து ஒவ்வொருவராகக் கலைந்து, ஒவ்வொருவரும் விலகும்போது திரும்பி அவன் இருக்கிறானா என்று பார்த்துக்கொண்டு போனார்கள்.

சாந்தாமணி மட்டும் சத்தம் போடவில்லை. அவள் கையில் கட்டியிருந்த போனில் எழுபத்தொரு மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்த அழைப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஆறுச்சாமியின் சட்டைப்பையில் அதன் மறுமுனை இருந்தது.

ஐந்தாவது வீட்டு வாசற்படியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவள் அவன் கையைப் பிடித்திருந்தாள். அவன் பேசுகிற ஒவ்வொன்றும் அவளுக்கு இரண்டு தடவை கேட்டது, ஒரு தடவை வாயிலிருந்தும், ஒரு நொடி தள்ளிப் போனிலிருந்தும்.

"கட் பண்ணிரு. நாந்தான் இங்க இருக்கறனல்ல."

"நீங்க பண்ணுங்க."

அவன் போனை வெளியே எடுத்தான், கட்டைவிரலைச் சிவப்புப் பொத்தானுக்கு மேலே கொண்டுபோனான், வைத்திருந்தான், போனை மறுபடியும் பைக்குள் போட்டான். இரண்டாம் தடவை அவன் எடுக்கவில்லை.

எப்படியும் அது அறுந்துதான் ஆக வேண்டும். கரண்ட் இல்லாத நேரத்தில் கோயில் கரட்டுக் குன்றின் மேலிருக்கிற செல்போன் டவர் பேட்டரியில் ஓடும், எத்தனை நேரம் ஓடும் என்று புதூரில் யாருக்கும் தெரியாது. சரசக்காவும் மற்றவர்களும் அவரவர் வாசலில் வந்து நின்றார்கள், யாரும் கிட்டே வரவில்லை. பதினொன்று ஆனது. பதினொன்றரை ஆனது. போனின் மூலையில் நான்காக இருந்த சிக்னல் கோடு மூன்றாகி, வெகுநேரம் மூன்றாகவே இருந்து, பிறகு ஒன்றானது. சாந்தாமணி கண்களை இறுக மூடிக்கொண்டு அவன் கையை இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்து, போனோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கைக்குள் போன் மூன்று தடவை கூவியது. பிறகு அதில் எந்தச் சத்தமும் இல்லை.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. கைக்குள் கை இருப்பது போலத்தான் இருந்தது. ஆனால் குப்பண்ணன் போன பிறகும் அவருடைய செருப்பு இருந்ததுதானே.

"என்னமாச்சும் பேசுங்க," என்றாள்.

வாசல்களில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் வாயைத் திறந்தான், மூடினான், மறுபடியும் திறந்தான். தண்ணீர் என்று கேட்கலாம், சோறு என்று கேட்கலாம், இருக்கறேன் என்று சொல்லலாம், ஆனால் எந்தச் சொல்லுக்கு உள்ளே வேறு என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தான். அவள் நகங்கள் அவன் மணிக்கட்டில் அழுந்தின.

"சாந்தாமணி," என்றான்.

புதூரில் அந்தப் பெயரில் வேறு ஆள் கிடையாது.